அழுக்குக்குப் பெயர் கொடுத்த சோப்பு

கேள்வி: எஞ்சினில் படியும் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கை அமெரிக்கர்கள் 'கங்க்' என்கிறார்கள். அதே பெயரில், எஞ்சினைத் துப்புரவு செய்யும் திரவம் ஒன்றும் விற்பனையில் இருக்கிறது. அழுக்குக்கும் அதைப் போக்கும் பொருளுக்கும் ஒரே பெயர் எப்படி அமைந்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டில் மூத்தது திரவத்தின் பெயரே. மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் நகரின் ஏ.எப். கர்ரன் நிறுவனம், 1932-இல் கெட்டியான திரவச் சோப்பு ஒன்றுக்கு வணிகக் குறியீடாகப் பதிவு செய்த பெயர் அது. எண்ணெயும் நீரும் கலவா என்பதால் கிரீஸ் ஏறிய இரும்பை வெறும் தண்ணீரால் கழுவிப் பயனில்லை. இத்தகைய சோப்பின் மூலக்கூறோ ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்வதால், அதைப் பூசிச் சற்று ஊறவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சும்போது பிசுக்கு நுண்துளிகளாகப் பிரிந்து நீரோடு போய்விடுகிறது.

1940-களில் அமெரிக்கக் கொச்சை வழக்கில் இப்பெயர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, பிசுபிசுவென்று ஒட்டும் எந்த அசிங்கத்தையும் குறிக்கலாயிற்று. கழுவும்போது பட்டறைத் தரையில் வழிவது சோப்பும் கிரீஸும் பிரித்தறிய முடியாதபடி கலந்த கறுப்புக் குழம்பு என்பதும், குப்பையைக் குறிக்கும் 'ஜங்க்' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போனதும் இதற்குத் துணை செய்திருக்கும் என்பது என் கணிப்பு. வணிகப் பெயர் பொதுச்சொல்லாவது நமக்குப் புதிதன்று. எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் நகலெடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிறோம், வனஸ்பதியை டால்டா என்கிறோம். ஆனால் அவை தம் இனப் பொருளுக்கே பெயராயின. தான் ஒழிக்க வந்த பகைக்கே பெயராகிப் போனதில்தான் கங்க் தனித்து நிற்கிறது. (இதனால் விற்பனை கெடவில்லை, இன்றும் அது கடைகளில் கிடைக்கிறது.)

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேறு மண்டிய, ஆழமற்ற சிறு படகுத்துறையை அமெரிக்கப் படகோட்டிகள் 'கங்க்ஹோல்' என்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது வழக்கில் இருந்ததால், அதை இந்தச் சோப்பிலிருந்து பிறந்ததாகச் சொல்வது பொருந்தாது.

கேள்வி: 'கூப்' என்பதும் இதே பொருளுடைய சொல்தானா?
– வாசகி, மதுரை

பதில்: ஏறக்குறைய அதே பொருள்தான், வழி வேறு. கெலட் பர்ஜஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், விரலையும் கத்தியையும் நக்கி, மேசை விரிப்பில் சூப்பைச் சிந்தும் பண்பற்ற குழந்தைகளுக்கு 'கூப்' என்று பெயர் சூட்டி 1900-இல் பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். ஒட்டும் பொருளைக் குறிக்கும் 'கூ' என்ற கொச்சைச் சொல்லின் சாயலும் சேர்ந்தே பிற்காலப் பொருள் நிலைபெற்றிருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி கைசரின் மக்னீசிய ஆலையில் தீக்குண்டுகளுக்காகத் தயாரான பசை போன்ற எரிபொருளையும் 'கூப்' என்றே அழைத்தார்கள்.