நான்கு மாதக் குழந்தைக்குத் தாளம் புரியுமா?

“என் மகளுக்கு நான்கு மாதம். பாட்டுப் போட்டால் காலை உதைக்கிறாள். தாளம் தெரிந்துதான் உதைக்கிறாளா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாளம் அவள் காதில் விழுகிறது. கால்தான் இன்னும் அதற்குக் கட்டுப்படவில்லை.

என் மகன் பிறந்து இருபது நாள் இருக்கும். மடியில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். உறங்கிவிட்டான் என்று நம்பிக் கையை நிறுத்தினேன். உடனே உதடு பிதுங்கியது. “சட்டென்று நிறுத்தாதே. தட்டும் வேகம் அப்படியே இருக்கட்டும், அழுத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வா” என்றார் அம்மா. பலித்தது.

பிறகுதான் புடாபெஸ்ட்டில் நடந்த ஆய்வைப் படித்தேன், 2009இல் வெளியானது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும்போது டிரம் தாளத்தை ஒலிக்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். நடுநடுவே சில தட்டுகளை எடுத்துவிட்டார்கள். உப்புக்குச் சப்பாணியான தட்டு காணாமல் போனபோது மூளை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நம் கச்சேரி மொழியில் ‘சமம்’ என்போமே, அந்த முதல் தட்டு விடுபட்டபோது மட்டும் அலை மாறியது. தூக்கத்திலேயே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது!

எனக்கு இதைவிடப் பிடித்தது 2005இல் கனடாவில் செய்த சோதனை. ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு தாளம். சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கிக் குலுக்கினார்கள், சிலரை மூன்றுக்கு ஒருமுறை. பிறகு அதே தாளத்தை இரண்டு விதமாக அழுத்தம் கொடுத்து ஒலிக்கவிட்டால், தன்னைக் குலுக்கிய கணக்கில் வருவதையே குழந்தை அதிக நேரம் கேட்டது. பிறர் குலுங்குவதை வேடிக்கை பார்த்த குழந்தைகளிடம் இது நடக்கவில்லை. ஆகவே செல்பேசியில் பாட்டை ஓடவிட்டுத் தொட்டிலில் கிடத்துவதைவிட, இடுப்பில் வைத்து நீங்களே ஆடுவது மேல் என்பேன்.

கால் உதைப்பதற்கு வருவோம். ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளைக் கவனித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், பேச்சைவிட இசைக்கும் தாளத்துக்குமே அவர்கள் அதிகம் அசைந்தார்கள். தாளத்தோடு ஓரளவு நன்றாகப் பொருந்தியவர்கள் அதிகம் சிரித்தார்களாம். அச்சாகத் தட்டுக்குத் தட்டு விழுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். “பத்து மாதத்தில் ஆதி தாளம் போட்டான்” என்று உறவினர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் காபி கொடுங்கள்.

என் மகன் பத்து மாதத்தில் மெய்மறந்து ஆடியது வாஷிங் மெஷினுக்கு.