கோமாளியை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏற்காட்டில் உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அரிச்சந்திரன் மயான காண்டம் போடுகிறீர்கள். ‘நேரமில்லை, கோமாளியை எடுத்துவிடுங்கள், கடைசியில் ஒரு மாணவன் மைக்கில் நீதி சொல்லட்டும்’ என்கிறார் தலைமையாசிரியர். ‘நாடகம் பொழுதுபோக்கா, போதனையா? கசப்பு மருந்துக்குத் தேன் போல இரண்டும் கலந்ததுதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தேன் உவமை எனக்குப் பிடிக்கவில்லை. நாடகத்தை மருந்துக்கடையாக்காதீர்கள்.

ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவின் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைத்தோம். அப்பா கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தே கடனாளியானவர். அம்மா முப்பது வருடம் அதற்காகச் சண்டை போட்டவள். அவர் இறந்த பிறகு வாயே திறக்கவில்லை. நள்ளிரவு தாண்டி, பாதிப்பேர் தூங்கி விழும் நேரம், பந்தியில் பாயசம் தண்ணியாகிப் போனதைச் சொல்லி பெரியப்பாவை வம்புக்கு இழுத்தார் கோமாளி. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

விடியக்காலம், அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனிடம் கிருஷ்ணன் கிழப் பார்ப்பனராக வந்து, செய்த தர்மத்தின் புண்ணியத்தையும் தானமாகக் கேட்டார். முகவீணை என்கிற சின்ன நாயனம் இழுத்துக்கொண்டிருந்தது. பாயிலிருந்து அம்மா கத்தினாள்: “ஏஞ்சாமி, அந்த மனுசங்கிட்ட இன்னும் என்ன இருக்குதுன்னு கேக்குற? எந்திரிச்சுப் போ!”

வேடக்காரர் பாட்டை நிறுத்தி, அம்மா பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிறகு கர்ணனிடம் திரும்பி, மறுபடி கேட்டார்.

கதை அம்மாவுக்கு மனப்பாடம். அவளுக்குப் புதிதாக யாரும் எதையும் போதிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு வந்திராவிட்டால் அந்தக் குரலும் வந்திருக்காது. கோமாளிதான் அவள் வாயைத் திறந்துவிட்டார். இதை வெட்டச் சொல்கிறவர்கள் கூத்துக் களத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்களா?

காந்தி சிறுவனாக அரிச்சந்திரன் நாடகம் பார்த்துவிட்டு, அதைத் தனக்குள்ளேயே எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நடித்துப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். பெற்ற பிள்ளையை எரிக்க வந்த மனைவியிடமே அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். அந்த இடத்தில் உங்கள் பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஒருவன் மைக்கோடு வந்து ‘ஆகவே உண்மை பேசுவோம்’ என்றால், அத்தனை பேரும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓர் ஆசிரியர் இதற்குத் தலையாட்டலாமா?

பொழுது விடிந்ததும் அரிதாரம் கலைக்காமல் காப்பி குடித்துக்கொண்டிருந்த கிருஷ்ணனிடம் போனாள் அம்மா. பேசிய கூலிக்கு மேலே நூறு ரூபாய் வைத்து, “கேட்டு வாங்கிப்புட்டியே சாமி” என்றாள்.

கோமாளி வேடத்துக்கு எந்தப் பையனைப் போட்டிருந்தீர்கள்? அவனை மறுபடி கூப்பிடுங்கள். வகுப்பில் அதிகம் திட்டு வாங்குகிறவனாக இருந்தால் இன்னும் நல்லது.