வர்க்கிக்குப் பதில் என்ன?

கேள்வி: எடை குறைக்க வேண்டும். குளிருக்கு வர்க்கியும் டீயுமாகவே பொழுது போகிறது. சமையலறையில் எதை வாங்கி வைக்கலாம்?
- வாசகி, குன்னூர்

பதில்: முதலில் வர்க்கி டப்பாவைக் காலி செய்யுங்கள். மைதாவும் கொழுப்பும் சேர்ந்த மொறுமொறு பேக்கரிப் பண்டம்தான் அது. நாலைந்து தின்றாலும் பசி அடங்காது. அந்த டப்பாவில் வறுத்த கொண்டைக்கடலையை நிரப்புங்கள், ஒரு வேளைக்கு 30 கிராம்.

ராஜ்மா, பச்சைப்பயறு, கொள்ளு அரைக் கிலோ வீதம் போதும். மலை ஈரத்தில் அதிகம் வாங்கினால் பூஞ்சை பிடிக்கும். ராஜ்மாவை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரிலேயே வேகவையுங்கள். குன்னூர் மலை உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சரியாக வேகாது. அரைவேக்காடு வாந்தியில் கொண்டுபோய் விடும்.

கேரட், பீன்ஸ், கோஸ் உள்ளூரிலேயே புதிதாகக் கிடைப்பது பெரிய வசதி. உருளைக்கிழங்கைச் சோற்றோடு சேர்க்காமல், சோற்றுக்குப் பதிலாக வையுங்கள். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.