அலமாரியில் இருக்கும் பாஸ்போர்ட்டுகள்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். என் கணவர் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். போன வருடம் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டார். குடியை விட்டுவிட்டார், அது உண்மை. அதற்காக நான் எவ்வளவோ அழுது ஜெபித்தேன். இப்போது சபையில், "ஒரு காசு கொடுக்காமல் இரட்சிப்பைப் பெற்றேன்" என்று சாட்சி சொல்கிறார். ஆனால் அவரிடம் வேலை செய்யும், இந்தோனேசியாவின் லொம்போக் தீவுப் பையன்களின் பாஸ்போர்ட்டெல்லாம் எங்கள் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றன. மாதக் கடைசியில் லெவி (வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரி), அறை வாடகை, அது இது என்று சம்பளத்திலும் பிடிக்கிறார். கேட்டால், "கிரியையினால் அல்ல, கிருபையினால்" என்று எனக்கே வசனம் சொல்கிறார்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பாட்டியோடு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு போனதெல்லாம் வீண் கிரியை, அங்கே கிருபையே கிடையாது என்கிறார் எங்கள் பாஸ்டர். இவர் பெற்றது இரட்சிப்புதானா? எல்லாரும் ஆமென் சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொல்வது சரியான வசனம்தான், பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம். அதை அவரிடமிருந்து பிடுங்கப் பார்க்காதீர்கள். "பத்தாம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள், நற்கிரியை அதில் இருக்கிறது" என்று எழுதிவிட்டு நானும் போய்விடலாம். பிரசங்கிகள் பெரும்பாலும் அதோடு முடித்துக்கொள்கிறார்கள். குடியை விட்டவர் தன் நற்கிரியை அதுதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்?

தோட்டத்து ஜனங்களுக்கு இலவசம் என்ற பேச்சே சந்தேகம். நம் பாட்டன் பூட்டன் பலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறியதே, ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணத்தில். தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துக் கப்பல் கூலி கட்டும் நிதியை 1907-இல் அரசாங்கம் ஏற்படுத்தியது. ஒப்பந்தக் கூலிமுறையும் 1910-இல் ஒழிந்தது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கும் கங்காணியும், கடைக்காரரின் பற்றுப் புத்தகமும் அப்புறமும் போகவில்லை. சம்பள நாளில் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மேசையில் கைநாட்டு வைத்து வாங்கியது பிடித்தம் போக மிச்சம்தான். அப்படி வளர்ந்த காதில், தேவன் இலவசமாகத் தந்தார் என்றால் அதுவும் ஒரு முன்பணமாகத்தான் விழும். இப்போது வாங்கிக்கொள், பிறகு தசமபாகத்திலும் உபவாசத்திலும் கழித்துக்கொள்ளலாம். நல்ல விசுவாசிகள் எத்தனையோ பேர் ஆயுசு முழுக்க இந்தக் கடனைக் கட்டிக்கொண்டு, தீரவில்லையே என்ற பயத்திலேயே செத்தும் போகிறார்கள். உங்கள் கணவருக்கு அந்தப் பயம் இல்லை. தேவனுக்கு நான் ஒரு காசும் பாக்கியில்லை என்கிறார். அதில் அவர் சொல்வது சுவிசேஷம்தான்.

ஆனால் அதே பவுல் ரோமர் 4:4-இல் என்ன எழுதுகிறார் பாருங்கள்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." இரட்சிப்பு கூலியில்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறார். காட்டுவதற்கு எதை எடுத்துக்கொள்கிறார்? வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது தயவு இல்லை, பட்ட கடன் என்பது எந்த முதலாளிக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார். உங்கள் கணவருக்கு அது தெரியாமல் போய்விட்டது. அந்தப் பையன்கள் வெயிலில் அண்ணாந்து வெட்டித் தள்ளிய குலைக்கான காசை, ஏதோ தான் பார்த்துக் கொடுக்கிற கிருபை போல, பிடித்ததுபோக நீட்டுகிறார்.

லூக்கா சுவிசேஷத்தில் வரும் சகேயுவும் ஒருவிதத்தில் கான்ட்ராக்டர்தான். சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, கட்ட வேண்டியதற்கு மேல் கறந்தது லாபம் என்று இருந்த கூட்டத்துக்குத் தலைவன். லூக்கா 19-இல் வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். கணக்குக் கேட்கவில்லை, நிபந்தனை போடவில்லை. காட்டத்தி மரத்திலிருந்து இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். சகேயு எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்பது அதற்குப் பிறகு. தானாகக் குற்றத்தை ஒப்புக்கொள்பவன் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலு மடங்கு. சகேயு தன்னை ஆட்டுத் திருடன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். அந்தக் காசில் எதுவும் இயேசுவின் கைக்குப் போகவில்லை, கவனித்தீர்களா? போனது முழுக்க அவன் ஊரான எரிகோ ஜனங்களுக்கு.

இவர் இரட்சிக்கப்பட்டாரா என்று கேட்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. குடிக்கிற மனிதன் குடியை விட்டது சின்ன விஷயம் இல்லை. தேவன் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். வந்தவர் இன்னும் அலமாரி வரைக்கும் போகவில்லை.

உங்கள் பாஸ்டர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்துவின் கிருபையில்லாமல் தன் கிரியைகளாலேயே மனிதன் நீதிமானாகலாம் என்பவனைக் கத்தோலிக்கத் திருச்சபையே 1547-இல், திரெந்து என்ற ஊரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் சபித்துவிட்டது. இரட்சிப்பு கிருபையினால் மட்டுமே என்று லுத்தரன் உலக சம்மேளனமும் ரோமும் 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் சேர்ந்தே கையெழுத்திட்டன. 2006-இல் நாங்களும், அதாவது மெதடிஸ்ட்டுகளும், அதில் சேர்ந்தோம். பாட்டியின் மெழுகுவத்தியைப் பற்றி எனக்கும் சில மாற்றுக் கருத்துகள் உண்டு. அந்த அம்மாளுக்குக் கிருபை தெரியாது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

இனி காரியத்துக்கு வருவோம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். "கொடுத்தால் ஓடிவிடுவான்கள், லெவி கட்டியது நான்" என்பார். 2018 முதல் லெவி முதலாளி தலையில்தான், தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது. மற்ற பிடித்தங்களுக்கும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது, அது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஆனாலும் முதலில் தொழிலாளர் இலாகாவைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். சகேயுவின் அதிகாரத்தை ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வையுங்கள். கோபப்படுவார், படட்டும். கை நீட்டுவார் என்ற பயம் இருந்தால் மட்டும் தனியாக இதைச் செய்யாதீர்கள். சபையில் அவர் மதிக்கிற மூப்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் இலாகாவுக்குப் போவது துரோகம் ஆகாது.

பிடித்த பணத்துக்கு அவர் குறிப்புப் புத்தகத்திலேயே கணக்கு இருக்கும், கான்ட்ராக்டர்கள் அதில் தவறமாட்டார்கள். ஊர் திரும்பிவிட்ட பையன்கள் இருந்தால் அவர்களுக்கும் லொம்போக்குக்கே அனுப்பலாம். மற்றவர்களைக் கேட்டால் வங்கி எண் கிடைத்துவிடும். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் அனுப்பட்டும்.