கேள்வி – பதில்: ஆரம்பப் பிரிவில் ஆண் ஆசிரியர்கள்

கேள்வி: எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் அண்மைக்காலம் வரை கற்பித்தவர்கள் எல்லோரும் பெண்களே. இடமாற்றம் பெற்று வந்திருக்கும் ஒரேயொரு ஆண் ஆசிரியரையும், தரம் 1 இல் படிக்கும் என் பேரன் “ரீச்சர்” என்றே கூப்பிடுகிறான். உலகம் முழுவதும் இதே நிலைதானா? எந்தப் பிராந்தியத்தில் ஆண் ஆசிரியர்கள் அதிகம்?
– வாசகி ஒருவர், சாவகச்சேரி

பதில்: இல்லை, இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது. 2019ஆம் ஆண்டை அண்டிய யுனெஸ்கோ விவரங்களின்படி, உலகின் ஆரம்பக் கல்வி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் பெண்கள். ஆனால் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் ஆண்களே பாதிக்கு மேல். லைபீரியாவில் பத்துப் பேரில் எட்டுப் பேரளவுக்கு ஆண்கள். ரஷ்யாவிலும் இத்தாலியிலும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பெண்கள். அமெரிக்காவில் ஆண்கள் பத்தில் ஒருவரளவே. ஜப்பானில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஆண்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ஐந்தில் நால்வருக்கு மேல் பெண்கள் என்பதால், உங்கள் பேரனின் அனுபவம் இந்த நாட்டுக்குப் புதிதன்று.

இங்கே தலைகளை எண்ணிப் பார்ப்பதைவிட விகிதத்தைப் பார்ப்பதே பொருத்தம். இல்லாவிட்டால் சீனாவும் இந்தியாவும் தங்கள் சனத்தொகையாலேயே எல்லாப் பட்டியல்களிலும் முன்னுக்கு வந்துவிடும். அத்துடன் ஆரம்பக் கல்வி இங்கு 5 ஆண்டுகள், ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் 4, ஜப்பானில் 6 என்றிருப்பதையும் கவனிக்க வேண்டும்: மேல் வகுப்புகளில் ஆண்கள் கூடுதலாக இருப்பது வழக்கமாகையால், அவ்வகுப்புகளையும் சேர்த்து எண்ணும் நாட்டில் ஆண்களின் பங்கு சற்று உயர்ந்தே தெரியும்.

ஆண்களின் பங்கு உயர்ந்திருப்பதைப் பெருமைக்குரியதாக நான் கருதவில்லை. பல ஆபிரிக்க நாடுகளில் இடைநிலைக் கல்வியை முடிக்கும் பெண்கள் குறைவாக இருப்பதும், தொலைவான கிராமங்களில் பெண் ஆசிரியர்கள் தங்குவதற்குப் பாதுகாப்பான வீடு கிடைக்காததுமே அதற்குப் பெரும் காரணங்கள். அதே கண்டத்தின் லெசோத்தோவில் நிலை நேர்மாறு. அங்கே ஆண் பிள்ளைகள் மலைப்பகுதிகளில் மாடும் ஆடும் மேய்க்கவும், வளர்ந்தபின் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைக்கவும் போய்விட, பாடசாலையில் நிலைத்துப் படித்த பெண் பிள்ளைகளே பின்னர் ஆசிரியர்களானார்கள். இன்று நால்வரில் மூவரளவு பெண்கள்.

யாழ்ப்பாணமும் இந்தப் பாதையில் வந்ததுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார் ஓர் ஆண். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்திலும் கற்பித்தல் ஆண்களின் தொழிலே. 1824 இல் உடுவிலில் மிசனரிமார் தொடங்கிய பெண்கள் பாடசாலையும், அதன் வழி வந்த ஏனையவையும், 1945 இன் இலவசக் கல்வியும் பெண்களுக்குக் கதவு திறந்த பின்னரே வகுப்பறையின் முகம் மாறியது. இந்த மாற்றத்தை இழப்பாகச் சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று: கற்பிப்போரில் பெரும்பாலானோர் பெண்களாக இருக்கும் நாடுகள் பலவற்றிலும், அதிபர் கதிரையில் ஆண்களின் பங்கு ஆசிரியர்களிடையே அவர்களுக்குள்ள பங்கைவிட உயர்ந்தே காணப்படுகிறது.

கேள்வி: ஆண் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கு ஆண் ஆசிரியர்கள் இல்லாததுதான் காரணமா?
– வாசகர் ஒருவர், நெல்லியடி

பதில்: அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது, பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனாலும் சிறு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதை ஆண்களும் மனம் ஒன்றிச் செய்யும் வேலையாகப் பிள்ளைகள் காண வேண்டும் என்றே விரும்புகிறேன். சம்பளம் போதாது என்பதும், “சின்னப் பிள்ளைகளோடு ஆம்பிளைக்கு என்ன வேலை” என்ற வீட்டுப் பேச்சும் இளைஞர்களைத் தடுக்கின்றன. சம்பளத்தை அரசுதான் கூட்ட வேண்டும். உயர்தரம் முடித்த உங்கள் மகன் கல்வியியற் கல்லூரியின் ஆரம்பக் கல்வி நெறிக்கு விண்ணப்பிக்க விரும்பினால், தயவுசெய்து மறிக்காதீர்கள்.