சேர்விஸ் கவுண்டரில் நீட்டிய 640 டொலர் பட்டியல்

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், பழைய கார் ஒன்று எடுத்து முதல் தரம் ஒயில் மாத்த டீலரிடம், அதுதான் அந்தக் கம்பனிக் கார் விற்கிற இடத்தில், விட்டால் 640 டொலருக்குப் பட்டியல் நீட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர். எஞ்சினை உள்ளே கழுவுகிற எஞ்சின் ஃபிளஷ், எரிபொருள் தெளிக்கிற குழாயைத் துப்புரவாக்கிற இன்ஜெக்ரர் கிளீனிங், பிரேக் ஒயில், காருக்குள் வருகிற காற்றை வடிக்கிற கபின் ஃபில்ரர். போதாததுக்கு, "இங்கே செய்யாவிட்டால் வொறன்ரி (கம்பனி உத்தரவாதம்) போய்விடும்" என்றும் வெருட்டினார்களாம். உண்மையோ என்று கேட்கிறீர்.

வொறன்ரிக் கதையை முதலில் முடிப்போம். காரோடு வந்த வொறன்ரிப் புத்தகத்தை எடுத்துப் பாரும். சேர்விஸை டீலரிடம்தான் செய்யவேண்டும் என்று பொதுவாக அதில் இராது. காரைச் செய்த கம்பனி சொன்ன ரக ஒயிலைப் போட்டு, சொன்ன தூரத்துக்குள் மாத்தி, அதுக்குப் பில் வைத்திருந்தால் காணும். பில் முக்கியம், அதுக்குப் பிறகு வாறன்.

கவுண்டரில் டப்லெற்றோடு நின்றவர் மெக்கானிக் இல்லை. பல இடங்களில் அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கு விற்கிற வேலையைப் பொறுத்தது. எங்கட ஆட்களுக்கு இது விளங்க நாள் எடுக்கும். டாக்குத்தர் எழுதின துண்டை வாய் திறக்காமல் மருந்துக்கடைக்குக் கொண்டு ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டவர் "ரெக்கமென்டட்" என்றால் கட்டளை என்று நினைத்துவிடுகிறோம். நானும் முதல் மூன்று வருடம் சொன்ன இடமெல்லாம் கையெழுத்து வைத்தவன்தான்.

கண் திறந்தது ஒரு கபின் ஃபில்ரரால். அனேகமான கார்களில் அது முன் சீற்றுக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கும், பத்து நிமிட வேலை. சாமான் கடையில் இருபது, இருபத்தைந்து டொலர். நான் வீட்டில் மாத்தி, பழக்கதோஷத்தில் ஓரத்தில் பேனையால் திகதியும் எழுதிவைத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒயில் மாத்தப் போனால், இலையும் தூசியும் ஒட்டின ஒரு கறுத்த ஃபில்ரரைக் கொண்டுவந்து காட்டி, "உங்களுடையது, 95 டொலர்" என்கிறார். திருப்பிப் பார்த்தேன், திகதியைக் காணவில்லை. "என்னுடையதில் நான் எழுதின திகதி இருக்கும்" என்றேன். முகம் மாறி, "கார் மாறிப்போச்சுப் போல" என்று உள்ளே போய்விட்டார். இருக்கலாம். ஆனால் அண்டைக்குப் பிறகு எதையும் கண்ணால் பார்க்காமல் நான் காசு குடுக்கிறதில்லை.

அதுக்காகக் கேட்கிற எல்லாத்தையும் கள்ளம் என்று தள்ளவும் வேண்டாம். இந்த ஊர் பனிக்காலத்தில் றோட்டுக்குக் கொட்டுகிற உப்பு பிரேக்கின் அடிப்பாகங்களை இறுக வைத்துவிடும். வருடத்துக்கு ஒருக்கால் கழற்றித் துடைத்துக் கிறீஸ் போடுவது நியாயமான செலவு. பிரேக் ஒயிலும் ஈரத்தை இழுக்கும், இத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாத்து என்று பல கையேடுகளே சொல்லும். ஆனால் எஞ்சின் ஃபிளஷ்? பெரும்பாலான கையேடுகளில் அப்படி ஒரு வரியே இல்லை. ரயருக்கு நைதரசன் அடிக்கிறோம் என்று காசு கேட்டால் சிரித்துவிட்டு வாரும், சும்மா காற்றிலேயே அது 78 வீதம் இருக்கு.

டீலர் அடித்து வைத்திருக்கிற பட்டியல் வேறு, கம்பனி தந்த கையேடு வேறு. கையேட்டில்தான் உமக்கு வேலை. பல கையேடுகளில் இரண்டு அட்டவணை இருக்கும், ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடும் பாவனைக்கு. மைனஸ் இருபது குளிரில் பக்கத்துக் கடைக்கும் வேலைக்கும் மட்டும் ஓடுகிற கார் இரண்டாவதில்தான் சேரும். அந்த விடயத்தில் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

சட்டமும் உம்மோடுதான். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எஸ்ரிமேற் (செலவு மதிப்பீடு) தந்தால் கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றின பழைய சாமானைத் திருப்பித் தரவேண்டும், நீர் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய. போட்ட சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கி.மீ., எது முந்துதோ அதுவரைக்கும் உத்தரவாதம் உண்டு. இதையெல்லாம் கவுண்டரில் நின்று ஒப்பிக்கத் தேவையில்லை. "இண்டைக்கு ஒயில் மட்டும், மற்றதை எழுதித் தாங்கோ, பார்த்துச் சொல்கிறேன்" என்றால் போதும். வாய்ச்சண்டை வேண்டாம். அந்தத் துண்டை வேறொரு கராஜில் காட்டி விலை கேளும்.

எங்கட ஆட்களின் கராஜ் பக்கத்திலேயே இருக்கு, நானும் அங்கேதான் போகிறேன். ஆனால் "காசாத் தந்தால் 13 வீத எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) இல்லை அண்ணை" என்று சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். பில் இல்லாவிட்டால் அந்த 90 நாள் உத்தரவாதத்தைக் கேட்க ஆதாரம் இல்லை, நாளைக்கு எஞ்சின் பழுதானால் கம்பனிக்குக் காட்ட ஒயில் மாத்தின அத்தாட்சியும் இல்லை. வரி குடுத்தே பில் வாங்கும்.

ரீகோல், அதாவது காரில் உள்ள பிழையைத் திருத்தக் கம்பனியே திருப்பிக் கூப்பிடுகிறது, என்று கடிதம் வந்தால் மட்டும் டீலரிடமே போம், அது இலவசம். போன இடத்தில் வேறேதும் பட்டியல் நீட்டினால் என்ன சொல்லவேணும் என்று இப்ப தெரியும்தானே.

உம்முடைய காரின் ஆண்டையும் ஓடின தூரத்தையும் எழுதிவிடும். கையேட்டைப் பார்த்து, அந்த நாலில் எது இப்ப தேவை என்று சொல்கிறேன்.