ஆறு பேருக்கு எதற்கு பெல் கர்வ்?

கேள்வி: மேடம், டீம் லீட் ஆகி எட்டு மாதம் ஆகிறது. என்னிடம் ஆறு பேர். ஆறு பேருமே இந்த வருடம் நன்றாக உழைத்தார்கள். ஆனால் ஒருவருக்காவது கடைசி ரேட்டிங் போட்டே ஆக வேண்டும் என்கிறது எச்.ஆர். யாரைப் பலி கொடுப்பது?

பதில்: நீங்கள் வாங்கிய மெயிலைப் போல நானே நிறைய அனுப்பியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் எச்.ஆரில் குப்பை கொட்டியவள்.

ஒரு வருடம் ஒரு டீமின் எக்செல் ஷீட் வந்தது. கடைசி ரேட்டிங்கில் ஒரு பெண்ணின் பெயர். காரணம் என்ற கட்டத்தில், ‘நீண்ட விடுப்பு’. பிரசவ விடுப்பு அது. வேலைக்கு வந்த மாதங்களைப் பற்றி ஒரு குறைகூட எழுதப்படவில்லை. சதவீதம் சரியாக வந்ததால் ஷீட்டில் எல்லாம் பச்சை. நானும் ஓகே சொல்லிவிட்டேன். அடுத்த மாதமே ராஜினாமா. கடைசி நாள் எதிரே உட்கார்ந்து, “நான் எதில் குறைந்துபோனேன்னு மட்டும் சொல்லுங்க மேடம்” என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது பிரபலமானது, ஆட்களைச் சதவீதக் கணக்கில் வரிசைப்படுத்தும் இந்த பெல் கர்வ் ஏற்பாடு: மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. அதைப் பார்த்து ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் 2013-ல் இப்படி வரிசைப்படுத்துவதைக் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய வருடமே வருடாந்திர அப்ரைசலையே எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களை அளந்தால் ஒருவேளை மணி போன்ற வளைவு கிடைக்கலாம். இன்டர்வியூ வைத்து வடிகட்டி எடுத்த ஆறு பேரிடம் அதைத் தேடினால் எங்கிருந்து வரும்?

முதலில் எச்.ஆரிடம் இதைக் கேளுங்கள்: அந்தச் சதவீதம் உங்கள் டீமுக்கா, முழு டிபார்ட்மென்டுக்கா? பல இடங்களில் டிபார்ட்மென்டுக்குத்தான். அதை டீம் டீமாகப் பிரித்துத் தலையில் கட்டுவது நடுவில் இருக்கும் மேனேஜர்கள்.

லீடுகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ரேட்டிங்கை ஒப்பிட்டு முடிவு செய்யும் காலிப்ரேஷன் மீட்டிங்குக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ‘கடின உழைப்பாளி’ என்றால் அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு சம்பவம், தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். சத்தமாகப் பேசும் லீடின் ஆட்கள் தப்பித்துவிடுவதும், தயங்குகிற லீடின் ஆள் மாட்டிக்கொள்வதும் நான் எத்தனையோ முறை பார்த்தது.

அப்படியும் ஒருவரை வைத்தே ஆக வேண்டுமென்றால், ‘இந்த வருடம் நீ, அடுத்த வருடம் அவன்’ என்று முறை வைக்காதீர்கள். (வைக்கிறார்கள். நிறையப் பேர்.) கடிதம் வருவதற்கு முன் நீங்களே கூப்பிட்டு, ஒருவரை வைக்கச் சொன்னார்கள், இன்ன காரணத்தால் உங்களை வைத்தேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த ‘இன்ன காரணம்’ உங்கள் வாயில் வரவில்லையென்றால், அந்தப் பெயரைப் போடாதீர்கள், எச்.ஆருக்கே அதை எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: ஆன்லைன் மீட்டிங்கில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கட்டாயமாக்கலாமா?

பதில்: பதினைந்து பேரைக் கூப்பிட்டு இரண்டு பேர் மட்டும் பேசினால் மற்றவர்கள் அணைக்கத்தான் செய்வார்கள். அடுத்த வாரம் நாலு பேரை மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள். மீதிப் பேருக்கு ஒரு மெயில் போதும்.